கஸ்தெலோரிசோ: வரைபடத்தின் மூலைப் பெட்டியில் ஒரு தீவு

கிரீஸ் நாட்டு வரைபடத்தைப் பார்த்திருந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். தாளின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பெட்டி போட்டு, அதற்குள் ஒரு தீவை மட்டும் தனியாக வரைந்திருப்பார்கள். அதுதான் கஸ்தெலோரிசோ. அது இருக்கும் இடத்திலேயே வரைய வேண்டுமானால் தாளை இன்னும் கிழக்கே நீட்ட வேண்டும். ஏதென்ஸிலிருந்து சுமார் 570 கிலோமீட்டர். பக்கத்துப் பெரிய கிரேக்கத் தீவான ரோட்ஸிலிருந்தே 120 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் துருக்கிக் கரையிலிருந்து 2 கிலோமீட்டர்தான். எதிரே காஷ் என்ற துருக்கி ஊரில் இரவு விளக்கு எரிந்தால் இங்கிருந்தே தெரியும்.

பரப்பளவு சுமார் 9 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 500 பேர். இந்தத் துண்டு நிலத்துக்காக மாவீரர் சங்கங்கள், சுல்தான்கள், வெனிஸ்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், இத்தாலியர்கள், பிரிட்டிஷார், ஜெர்மானியர் எனப் பலரும் வந்து மோதியிருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக "தீவு யாருடையது?" என்ற கேள்வியில் தொடங்குவார்கள். எனக்கு அந்தக் கேள்வியைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. நடுவில் இருக்கும் அந்த 2 கிலோமீட்டர் கடல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? தீவின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே நடந்திருக்கின்றன.

கல், துறைமுகம், எதிர்க்கரை

தீவின் பழைய பெயர் மெகிஸ்தி. கிரேக்கத்தில் 'மிகப் பெரியது' என்று பொருள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சுற்றியிருக்கும் குட்டித் தீவுகளோடு ஒப்பிட்டால் பெரியதுதான். துருக்கியர் சொல்லும் மெய்ஸ் என்ற பெயரும் இதிலிருந்தே வந்தது. கஸ்தெலோரிசோ என்ற பெயர் கோட்டையால் வந்தது என்பார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோட்ஸைப் பிடித்த செயின்ட் ஜான் மாவீரர்கள் என்ற கிறித்தவப் போர்வீரர் சங்கத்தினர் இங்கே செந்நிறப் பாறைமேல் கோட்டை கட்டினார்கள். அது 'சிவப்புக் கோட்டை' ஆயிற்று. அதே பாறையடியில் லிசியர் காலத்துக் கல்லறை ஒன்று குடையப்பட்டிருக்கிறது. லிசியா என்பது எதிர்க்கரையில் இருந்த பழைய நாடு. அங்கே மலைமுகமெல்லாம் இப்படிப்பட்ட கல்லறைகள்தான். அரசியல் எல்லை எங்கே போடப்பட்டாலும், அந்தக் கல்லறை தீவு எந்தக் கரையோடு பிழைத்தது என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இடைக்காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1440-களில் எகிப்தின் மம்லுக் படை கோட்டையை இடித்தது. அப்புறம் நேப்பிள்ஸை ஆண்ட அரகோன் மன்னர் பிடித்துத் திரும்பக் கட்டினார். 16-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் துருக்கியப் பேரரசின் கைக்குப் போனது. 1659-இல் வெனிஸ்காரர்கள் வந்து கோட்டையை மறுபடி உடைத்தார்கள். 1788-இல் ரஷ்யக் கொடியோடு கடலில் திரிந்த லாம்ப்ரோஸ் காட்சோனிஸ் பிடித்தார். எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான்: துறைமுகம். குதிரை லாட வடிவில் வளைந்து, ஆழமாக, காற்று புகாமல் இருக்கும் இயற்கைத் துறைமுகம். அனத்தோலியாவின், அதாவது ஆசியத் துருக்கியின், இந்தத் தென்கரை செங்குத்தான மலை. ரோட்ஸுக்கும் சைப்ரஸுக்கும் நடுவே ஒரு கப்பல் நம்பிக்கையோடு ஒதுங்கக்கூடிய இடம் குறைவு.

துறைமுகத்தைத் தவிர தீவில் வேறொன்றும் இல்லை. ஊற்று இல்லை, ஆறு இல்லை. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். விளைநிலம் சொற்பம். ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது பணக்கார ஊர். எப்படி? எதிர்க்கரை மலைகளில் காடு இருந்தது. அங்கே வெட்டிய மரத்தையும் சுட்ட கரியையும் தீவுக்காரர்களின் பாய்க்கப்பல்கள் ஏற்றிக்கொண்டு அலெக்சாண்ட்ரியாவுக்குப் போயின. எகிப்தில் விறகுக்குப் பஞ்சம், கரிக்கு நல்ல விலை. திரும்பும்போது அங்கத்திய சரக்கு. எதிர்க்கரையிலேயே நிலம் வாங்கி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. காஷ், கல்கான் போன்ற கரையூர்களில் குடியேறிய தீவுக்காரர்களும் பலர். கிரேக்க மொழி, சுல்தானின் ஆட்சி, எகிப்தியப் பணம். மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை. 20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது ஊர் மக்கள்தொகை 9,000-ஐ ஒட்டியிருந்ததாகச் சொல்வார்கள். 9 சதுர கிலோமீட்டர் கல்லில் அத்தனை பேர். துறைமுகத்தைச் சுற்றி மாடி வீடுகள், மரப் பலகணிகள்.

யாருக்கும் வேண்டாத நேரம்

1911-இல் இத்தாலி ஒட்டோமன் அரசோடு லிபியாவுக்காகப் போர் தொடுத்தது. 1912-இல் ரோட்ஸையும் அதைச் சுற்றிய தோதெகனீஸ் தீவுகளையும் பிடித்துக்கொண்டது. கஸ்தெலோரிசோவை மட்டும் விட்டுவிட்டது. தீவுக்காரர்கள் ஆளனுப்பி "எங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டார்கள். இத்தாலியத் தளபதி மறுத்துவிட்டார்.

பொறுமை இழந்த ஊர் 1913 மார்ச்சில் தானே கிளம்பியது. வெளியிலிருந்து வந்த கிரேக்கத் தன்னார்வலர்களின் துணையோடு ஒட்டோமன் அதிகாரியைப் பிடித்து வைத்துவிட்டு, கிரீஸோடு இணைவதாக அறிவித்தார்கள். ஏதென்ஸ் தயங்கியது. தயங்கித்தான் ஆகஸ்டில் ஒரு தற்காலிக ஆளுநரை அனுப்பியது. 1914 பிப்ரவரியில் ஆறு பெரும் வல்லரசுகள் உட்கார்ந்து ஏஜியன் தீவுகளின் கதியைத் தீர்மானித்தன. கிரீஸ் கைப்பற்றிய தீவுகள் கிரீஸுக்கே, மூன்றைத் தவிர: இம்ப்ரோஸ், டெனடோஸ், கஸ்தெலோரிசோ. இந்த மூன்றையும் துருக்கிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலிரண்டும் தார்தனெல்ஸ் நீரிணையின் வாயில் இருப்பவை, காரணம் புரிகிறது. மூன்றாவதுக்கு அதன் தூரம்தான் காரணம். ஒருவருடைய வரைபடத்திலும் அது பொருந்தவில்லை.

அந்தத் தீர்ப்பு நிறைவேறுவதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. 1915 டிசம்பர் 28-ஆம் தேதி பிரெஞ்சுக் கடற்படை வீரர்கள் துறைமுகத்தில் இறங்கினார்கள். துருக்கிக் கரையை வேவு பார்க்க இதைவிட நல்ல திண்ணை கிடைக்காது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுக்காரனும் நம்மைப் பார்ப்பான் இல்லையா?

பார்த்தான். 1917 ஜனவரி 11. 'பென்-மை-க்ரீ' என்ற பிரிட்டிஷ் கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நங்கூரம் பாய்ச்சியது. பிரிட்டன் அருகே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் மொழியில் 'என் மனதுக்கினியவள்' என்று பொருள்படும் பெயர். பயணிகள் கப்பலாக இருந்து போருக்காகக் கடல்விமானங்களைச் சுமக்கும் கப்பலாக மாற்றப்பட்டது. சாதாரணக் கப்பல் இல்லை: 1915 ஆகஸ்டில் இதிலிருந்து கிளம்பிய விமானம்தான் வானிலிருந்து டார்பிடோ போட்டு ஒரு கப்பலைத் தாக்கியது. போர் வரலாற்றில் அதுவே முதல் முறை. அப்படிப்பட்ட கப்பலை எதிர்மலையில் மறைந்திருந்த துருக்கிப் பீரங்கிகள் குறிவைத்தன. குண்டு விமானக் கொட்டகையில் விழ, பெட்ரோல் பற்றிக்கொண்டது. துறைமுக வாய் குறுகல், கப்பலைத் திருப்பி ஓட்ட நேரமில்லை. மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் படகில் கரையேறினார்கள். கப்பல் எரிந்து, ஆழம் குறைந்த தண்ணீரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஐந்து பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. பிற்பாடு கேப்டனும் தலைமை எஞ்சினியரும் மிச்சமிருந்த கூட்டுக்குள் போய்க் கப்பலின் செல்லங்களான பூனையையும் நாயையும் மீட்டு வந்தார்களாம்.

முதல் உலகப் போரில் எதிரியின் தாக்குதலில் மூழ்கிய விமானந்தாங்கி வகைக் கப்பல் இது ஒன்றே. 1920-இல் தூக்கி, பிறகு உடைத்து விற்றார்கள். எதிர்க்கரையின் மரத்தையும் கரியையும் ஏற்றிப் போய்ப் பிழைத்த துறைமுகத்துக்கு இப்போது அங்கிருந்து குண்டு வந்தது. அந்த ஆண்டுகளிலேயே சனங்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். எகிப்து, அதற்கப்பால் ஆஸ்திரேலியா.

காகிதத்தில் எழுதிய எல்லை

1920-இல் செவ்ர் உடன்படிக்கை தீவை இத்தாலிக்கு ஒதுக்கியது. 1921 மார்ச்சில் பிரான்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனது. செவ்ர் செல்லாமல் போய், 1923 ஜூலை 24-இல் லோசான் உடன்படிக்கை வந்தது. அதன் 15-ஆவது சரத்து ரசமானது. 1912 முதல் இத்தாலி வைத்திருந்த தீவுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் "கஸ்தெலோரிசோவும்கூட" என்று தனியாக ஒட்டவைக்கிறது. வரைபடத்தின் மூலைப் பெட்டி போலவே உடன்படிக்கையிலும் ஓரத்தில்தான் இடம்.

இத்தாலியர் துறைமுகத்தில் ஆளுநர் மாளிகையும் சந்தைக் கட்டடமும் கட்டினார்கள். தீவுக்குப் பெயர் கஸ்தெல்ரோசோ. மார்சேயிலிருந்து பெய்ரூத் போகும் பிரெஞ்சுக் கடல்விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. ஆக, வெளியுலகத்துக்குத் தீவு ஒரு நிறுத்தம். ஆனால் ஊருக்குள் பிழைப்பு சரிந்துகொண்டே போனது. கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டதில் எதிர்க்கரையின் கிரேக்கர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கரிக்கும் மரத்துக்கும் நடுவே சுங்கச்சாவடி வந்து நின்றது. 1934-இல் சுங்க வரியை எதிர்த்துத் தீவே தெருவில் இறங்கியது. முன்வரிசையில் பெண்கள். 1913-இல் கொடிக்காகக் கிளர்ந்த ஊர் 1934-இல் சுங்கத்துக்காகக் கிளர்ந்தது. இரண்டில் எது வயிற்றை நேராகத் தொட்டது என்று தீவுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

1932 ஜனவரியில் இத்தாலியும் துருக்கியும் அங்காராவில் உட்கார்ந்து, தீவைச் சுற்றிய குட்டிப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பங்கிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் மற்றத் தீவுகளின் கடலெல்லை பற்றி இன்னொரு ஆவணம் எழுதப்பட்டது. அது ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் பதிவாகவில்லை, ஆகவே செல்லாது என்று துருக்கி சொல்கிறது. கிரீஸ் ஒப்புக்கொள்வதில்லை. 1996-இல் இமியா என்ற ஆளில்லாப் பாறைக்காக இரு நாடுகளும் போர் விளிம்புக்குப் போனதற்கு இந்த இரண்டாவது காகிதமும் ஒரு காரணம். கஸ்தெலோரிசோ பாறைகள் முதல் காகிதத்தில் இருந்ததால் அந்தச் சிக்கலில் பெரிதும் மாட்டவில்லை.

1941, 1943, 1945

1941 பிப்ரவரி 25 அதிகாலை. கிரீட்டிலிருந்து கிளம்பிய சுமார் 200 பிரிட்டிஷ் கமாண்டோக்கள் தீவில் இறங்கினார்கள். திட்டம் எளிது. 24 மணி நேரம் பிடித்து வைத்திருந்தால் போதும், சைப்ரஸிலிருந்து நிரந்தரக் காவல்படை வந்துவிடும். இத்தாலியக் காவலர்கள் கொஞ்சம் பேர்தான், ஊரைப் பிடிப்பது சிரமமாக இல்லை. தீவுக்காரர்கள் தெருவுக்கு வந்து கொண்டாடினார்கள்.

ஆனால் இத்தாலியரின் கம்பியில்லாத் தந்தி அதற்குள் ரோட்ஸுக்குச் சேதி சொல்லிவிட்டது. விமானங்கள் வந்தன. துணைக்கு நின்ற பீரங்கிப் படகில் குண்டு விழுந்தது. அது எரிபொருளும் குறைந்து கிளம்பிவிட்டது. அதோடு கமாண்டோக்களுக்கும் வெளியுலகுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. வரவேண்டிய காவல்படை வரவில்லை. இத்தாலியர் ரோட்ஸிலிருந்து போர்க்கப்பல்களில் ஆளையும் பீரங்கிகளையும் இறக்கினார்கள். 28-ஆம் தேதிக்குள் பிரிட்டிஷார் கிடைத்தவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள், கிடைக்காதவர்கள் சிறைப்பட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி கன்னிங்ஹாமே இதை ஒரு கேவலமான வேலை என்றும் யாருக்கும் பெருமை சேர்க்காதது என்றும் எழுதி வைத்திருக்கிறார். கப்பலில் வந்தவர்கள் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். கொண்டாடிய ஊர்க்காரர்கள் திரும்பி வந்த இத்தாலியரிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் பிரிட்டிஷார் மறுபடி வந்தார்கள், இந்த முறை எதிர்ப்பில்லாமல். உடனே ஜெர்மன் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின. கிட்டத்தட்ட ஊர் முழுவதையும் காலி செய்து சைப்ரஸுக்கும், அங்கிருந்து காஸாவில் இருந்த அகதி முகாமுக்கும் கொண்டுபோனார்கள். 1944 ஜூலையில், ஆளில்லாத ஊரில், எரிபொருள் கிடங்கில் பற்றிய தீ வெடிமருந்துக் கிடங்குக்குப் பரவி ஏறக்குறைய பாதி வீடுகளை அழித்தது. குண்டில் தப்பிய வீடுகள் தீயில் போயின. கொள்ளையை மறைக்க வைத்த தீ என்று பல தீவுக்காரர்கள் நம்பினார்கள். வீடு இருந்தவர்களுக்கும் உள்ளே சாமான் இல்லை.

இது போதாது என்பதுபோல இன்னொன்று. 1945 செப்டம்பர் 29. போர் முடிந்து, முகாமிலிருந்த தீவுக்காரர்கள் சுமார் 500 பேர் போர்ட் சையதில் 'எம்பயர் பேட்ரோல்' என்ற கப்பலில் ஏறினார்கள். வீடு திரும்பும் பயணம். கிளம்பிய சில மணி நேரத்தில் கப்பலில் தீ. 33 பேர் இறந்துபோனார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தக் கப்பல் பிரிட்டிஷார் இத்தாலியிடமிருந்து பறித்தது. பழைய பெயர் 'ரோடி', அதாவது ரோட்ஸ். தப்பியவர்கள் ஊர் வந்து சேர்ந்தபோது கண்டது கருகிய சுவர்கள். இந்தக் கதையில் எந்த உடன்படிக்கையைவிடவும் கனமான பக்கம் இதுதான் என்பேன். நாடுகள் தீவைப் பற்றி எழுதிக்கொண்ட குறிப்புகளில் இதைப் பற்றிய பேச்சைக் காண்பது அரிது.

பதினான்காவது பெயர்

1947 பிப்ரவரி 10-இல் பாரிஸ் உடன்படிக்கை. 14-ஆவது சரத்தின்படி இத்தாலி தோதெகனீஸை கிரீஸுக்குக் கொடுத்தது. தோதெகனீஸ் என்றால் 'பன்னிரு தீவு'. ஆனால் சரத்தில் உள்ள பெயர்கள் 14. பதினான்காவது, கடைசிப் பெயர், நம்முடையதுதான். மார்ச் 31-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் கிரேக்க ராணுவ நிர்வாகத்திடம் ஒப்படைத்தது, 1948 மார்ச்சில் இணைப்பு முறைப்படி முடிந்தது. 1900-இல் இங்கே பிறந்த ஒருவர், ஊரை விட்டே நகராமல் இருந்திருந்தால், 48 வயதுக்குள் ஆறு நிர்வாகங்களைப் பார்த்திருப்பார்: ஒட்டோமன், 1913-இன் தற்காலிக ஆட்சி, பிரெஞ்சு, இத்தாலி, பிரிட்டன், கிரீஸ்.

அதே சரத்து இந்தத் தீவுகள் படையில்லாமல் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கிரீஸ் படை வைத்திருக்கிறது. துருக்கி அதைக் குற்றம் சொல்கிறது. துருக்கி அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடே இல்லை, அதைக் கொண்டு உரிமை கோர முடியாது, எதிரே படை நிற்கும்போது தற்காப்பு எங்கள் உரிமை என்பது கிரீஸின் பதில்.

படை ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்தில் ரோ என்ற பாறைத்தீவு. 1927-இல் தெஸ்பினா அக்லாதியோத்தி என்ற பெண் கணவரோடு அங்கே குடியேறினார். ஆடுகள், கோழிகள், கொஞ்சம் காய்கறி. 1940-இல் கணவர் இறந்துபோனார். எல்லோரும் காலி செய்து போனபோதும் அவர் போகவில்லை. தாயாரோடு அங்கேயே இருந்தார். 1943 முதல் தினமும் காலையில் கிரேக்கக் கொடியை ஏற்றுவார், மாலையில் இறக்குவார். 1982-இல் இறக்கும்வரை. அந்தப் பாறையிலேயே அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் பதக்கங்கள் வந்தன, 'ரோவின் அம்மையார்' என்று நாடே கொண்டாடியது. அவர் குடும்பத்தைத் தவிர அந்தப் பாறையில் வாழத் துணிந்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் புகழை நான் படிக்கிறேன். தாய்த்தீவிலும் 1981 கணக்கெடுப்பில் 222 பேரே மிஞ்சியிருந்தார்கள். பெர்த்திலும் சிட்னியிலும் இருக்கும் வாரிசுகள் இதைவிடப் பல மடங்கு.

இப்போது சண்டை எதற்கு

தீவு கிரீஸுக்குச் சொந்தம் என்பதைத் துருக்கி இன்று மறுக்கவில்லை. பிரச்சினை தண்ணீர். 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 121-ஆவது சரத்துப்படி மக்கள் வாழக்கூடிய தீவுக்கு 200 கடல் மைல் வரை பொருளாதார மண்டலம், அதாவது கடல்வளத்தின்மேல் தனி உரிமை உள்ள பகுதி, உண்டு. கிரீஸ் அதில் உறுப்பினர், துருக்கி இல்லை. கஸ்தெலோரிசோவுக்கு முழு மண்டலம் கொடுத்தால் கிரீஸின் கடலும் சைப்ரஸின் கடலும் ஒட்டிக்கொள்ளும், துருக்கியின் தென்கரை அந்தாலியா வளைகுடாவுக்குள் அடைபடும். 2020-இல் துருக்கி வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: 10 சதுர கிலோமீட்டர் தீவு, எங்கள் கரையிலிருந்து 2 கிலோமீட்டர், கிரேக்கப் பெருநிலத்திலிருந்து 580 கிலோமீட்டர், அதற்கு 40,000 சதுர கிலோமீட்டர் கடலா?

என் கணிப்பில் இரண்டு தரப்புமே முழுசாக வெல்லாது. தீவுக்கு உரிமையே இல்லை என்பது சட்டத்தில் நிற்காது. ஆனால் நடுக்கோடு வரையும்போது சிறு தீவுகளுக்கு நீதிமன்றங்கள் முழு எடை கொடுப்பதும் வழக்கமில்லை. 2009-இல் ருமேனியா–உக்ரைன் வழக்கில் பாம்புத் தீவுக்கு 12 மைலுக்கு மேல் எதுவும் தரவில்லை. கிரீஸுக்கும் இது தெரியாததல்ல. 2020 ஆகஸ்ட் 6-இல் எகிப்தோடு அது போட்ட கடலெல்லை ஒப்பந்தம் 28-ஆவது தீர்க்கரேகைக்கு மேல் கிழக்கே போகவில்லை. கஸ்தெலோரிசோ 29-ஐத் தாண்டி இருக்கிறது. மறுபடியும் வரைபடத்துக்கு வெளியே. அடுத்த சில நாட்களில் துருக்கியின் 'ஒருச் ரெய்ஸ்' ஆய்வுக்கப்பல் கிளம்பியது. ஆகஸ்ட் 12-இல் அதைச் சுற்றி நின்ற ஒரு கிரேக்கப் போர்க்கப்பலும் ஒரு துருக்கிப் போர்க்கப்பலும் உரசிக்கொண்டன. இரண்டு நாடுமே நேட்டோ உறுப்பினர்.

இதற்குப் பத்து ஆண்டு முன்பு, 2010 ஏப்ரல் 23 அன்று, பிரதமர் யோர்கோஸ் பாபாந்த்ரேயு இந்தத் துறைமுகத்தின் முன் நின்றுதான் நாடு கடனில் மூழ்கிவிட்டது, ஐரோப்பிய ஒன்றியமும் சர்வதேச நாணய நிதியமும் உதவ வேண்டும் என்று அறிவித்தார். பின்னால் நீலக் கடல், வண்ண வீடுகள். பல கிரேக்கர்களுக்கு இன்றும் 'கஸ்தெலோரிசோ' என்றால் அந்தப் பேச்சுதான் ஞாபகம் வரும். தீவுக்கும் கடனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பாவம்.

2020-இல் போர்க்கப்பல்கள் முறைத்துக்கொண்டிருந்தபோது கொரோனாவால் காஷ் படகும் நின்றிருந்தது. செய்தியாளர்கள் வந்து "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டார்கள். படகு எப்போது ஓடும் என்பதுதான் கடைக்காரர்களின் கவலை. பிறகு ஓடத் தொடங்கியது. 2024 முதல் துருக்கியர்களுக்கு இங்கே வந்திறங்கியதும் ஏழு நாள் விசா தருகிறார்கள். காஷிலிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவான பயணம். காலையில் அவர்கள் மீன் சாப்பிட வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காஷில் சந்தை, அன்றைக்குத் தீவிலிருந்து பைகளோடு கிளம்புகிறார்கள், தக்காளியும் கத்திரிக்காயும் வாங்க.